சீல் விலை கொஞ்சம், கூலிதான் ஜாஸ்தி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில சின்னதா ஒரு வொர்க்‌ஷாப் வச்சிருக்கேன், நம்மகிட்ட பழைய வண்டிதான் அதிகம் வரும், அதனால பழைய கார்ல ஆயில் லீக் ஆவுதத பத்தி பேசுங்க அண்ணாச்சின்னு கூப்பிட்டாவ, வந்துட்டேன். மாருதி 800, அம்பாசடர் ரெண்டையுமே 2014-லயே கம்பெனில நிறுத்திட்டாவ, அப்ப இன்னைக்கு நம்ம ரோட்டுல ஓடுத 800 எதை எடுத்தாலும் பத்து வயசு தாண்டினதுதான். ஆயில் வெளிய வராம அடைக்குத ரப்பர் சீல் இன்ஜின் சூட்டுலயே கெடந்து வெறச்சுப் போவும், ரெண்டு பாகம் சேருத எடத்துல நடுவுல வைக்குத பேக்கிங் காஞ்சு நொறுங்கும், ஒழுகத்தான் செய்யும்.

மொதல்ல ஒழுகுதது என்னன்னு பாக்கணும். ராத்திரி வண்டிய நிப்பாட்டும்போது அடியில ஒரு அட்டைப்பெட்டிய பிரிச்சு விரிச்சுப் போடுங்க. காலைல பாத்தா கறுப்பாவோ காப்பிக்கலராவோ வழவழன்னு இருந்தா இன்ஜின் ஆயில். கெட்டியா, மோந்தா குமட்டுத வாடை அடிச்சா கியர் ஆயில். பச்சையா பிசுபிசுன்னா கூலன்ட். வெறும் தண்ணின்னா ஏசி தண்ணி, அந்தச் சவத்த விடுங்க. ஆனா வீலுக்கு உள்பக்கம் ஈரமா இருந்து, பிரேக் ஆயில் டப்பாவுலயும் அளவு எறங்கியிருந்தா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க, மெக்கானிக்க வீட்டுக்கே வரச்சொல்லிருங்க.

அடுத்தது, சொட்டுத எடம் வேற, கசியுத எடம் வேற. இன்ஜினுக்கு மேல மூடி மாதிரி இருக்க டேப்பெட் கவர் பேக்கிங்ல கசியுத ஆயில் இன்ஜின் மேலயே வழிஞ்சு, ஓடும்போது காத்துல பின்னால தள்ளிப்போயி, கடைசில சேம்பர், அதான் இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்குத தொட்டி, அது மூலைல வந்து சொட்டும். நாம குனிஞ்சு பாத்துட்டு சேம்பர் பேக்கிங் போயிட்டுன்னு மாத்துவோம், மறுவாரம் அதே எடத்துல சொட்டும். திசையன்விளை பக்கத்துலருந்து வார வண்டிய நீங்க பாக்கணும், தேரிக்காட்டு செம்மண்ணு ஆயிலோட சேந்து இன்ஜின் முழுக்க ஒரு பத்து போட்ட மாதிரி இருக்கும், அதுல எது கசிவுன்னு யாருக்கு வெளங்கும். அதனால இன்ஜினை நல்லா கழுவி, காய வச்சு, சந்தேகப்படுத எடத்துல முகத்துக்குப் போடுத பவுடர தூவி, செத்த நேரம் ஓடவிடுங்க, வெள்ளைப் பவுடர்ல ஈரம் ஒரு கோடு மாதிரி எறங்கும், அந்தக் கோட்டுக்கு மேல்நுனி எங்கயோ அங்கனதான் லீக். இதைச் செய்யாம ஒரு மெக்கானிக் பில்லு பேசினாருன்னா, அண்ணாச்சி மொதல்ல கழுவிப் பாத்துட்டு சொல்லுங்கன்னு கேளுங்க, கோவப்பட மாட்டாவ, கோவப்பட்டா வேற கடைக்குப் போங்க.

இப்ப செலவு. ஆயில் லீக்ல சாமானுக்குப் பெருசா துட்டு ஆவாது, கழட்டி மாட்டுத கூலிக்குத்தான் துட்டு. டேப்பெட் கவர் பேக்கிங், டிரெயின் பிளக் வாஷர், ஆயில் பில்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், இதெல்லாம் மேலாப்புல இருக்கு, ஒடனே மாத்திருங்க. ஆனா இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருத எடத்துல, பிளைவீல் பக்கத்து கிராங்க் சீல் இருக்கு பாத்தியளா, சீலு என்னமோ சில நூறு ரூவாதான், அதைத் தொடணும்னா கியர்பாக்ஸையே எறக்கணும், கூலி ஆயிரக்கணக்குல போயிரும். அங்கன லேசா கசியுதுன்னா நான் ஒடனே கைவைக்கச் சொல்ல மாட்டேன், ஆயில் அளவு பாக்குத கம்பி, அந்த டிப்ஸ்டிக்க வாராவாரம் பாத்து கொறைஞ்சத ஊத்திக்கிட்டு ஓட்டுங்க, கிளட்ச் மாத்துத காலம் வரும்போது எப்படியும் கியர்பாக்ஸ் எறங்கும், அப்ப சேத்து சீலையும் மாத்திட்டா கூலி ஒரு தடவையோட போச்சு. ஆயில் கிளட்ச் பிளேட்டுல பட்டு, பாபநாசத்துலருந்து காரையாறு ஏத்தம் ஏறும்போது இன்ஜின் மட்டும் கத்தி வண்டி நகராம கருகல் வாடை அடிச்சா மட்டும் காத்திருக்காதீங்க. அதே மாதிரி இன்ஜின் வால்வ ஓட்டுத டைமிங் பெல்ட்டுல ஆயில் பட்டாலும், சூடான சைலன்சர் பைப் மேல சொட்டினாலும் அன்னைக்கே வேலை பாக்கணும், ஒண்ணு பெல்ட்டை அரிச்சு அறுத்து விட்டுரும், இன்னொண்ணு தீயே பிடிக்கும்.

இன்னொரு விஷயம், இத நெறைய பேரு கண்டுக்கிடவே மாட்டாவ. இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ஓரமா எறங்குத கேஸ் வெளிய போவ பிரீதர் ஹோஸ், பிசிவி வால்வுன்னு ஒரு வழி இருக்கும், அது அழுக்கடைச்சுக்கிட்டா உள்ள பிரஷர் ஏறி எந்த சீல் இளப்பமோ அது வழியா ஆயில தள்ளும். புது சீல் போட்டும் மறுபடி ஒழுகுதுன்னு வருதவியள்ட்ட நான் மொதல்ல பாக்குதது அதைத்தான். அதைக் கழட்டிக் கழுவ பெரிய செலவு ஒண்ணும் இல்ல. ஆயில டிப்ஸ்டிக்குல இருக்க புல் மார்க்குக்கு மேல ஊத்தினாலும் இதே கதைதான், தாராளமா ஊத்தினா நல்லதுன்னு ஊத்தாதீங்க.

பேக்கிங்குக்குப் பதிலா சிலிகான் பேஸ்ட்ட அப்பிவிடுத பழக்கமும் இருக்கு. அளவாப் போட்டா தப்பில்ல, ஆனா அப்பினது உள்பக்கமா பிதுங்கி, பிஞ்சு விழுந்து, சேம்பர்ல இருக்க ஆயில் சல்லடையப் போயி அடைக்கும், ஆயில் மேல ஏறாது, இன்ஜினே சுத்தாம பிடிச்சுக்கிடும். சேம்பரக் கழட்டினா சல்லடைல அந்தத் துணுக்கு ரப்பர் புழு மாதிரி ஒட்டிக்கிட்டு கெடக்கும். கடைல விக்கித லீக் நிப்பாட்டுத மருந்து வெறச்ச ரப்பர கொஞ்சம் எளக்கிக் குடுக்கும், கிழிஞ்ச பேக்கிங்க அது ஒண்ணும் பண்ணாது.

பெரிய செலவு வருதுன்னா ஆர்சி புக்க எடுத்துப் பாத்துக்கிடுங்க. 15 வருசம் முடிஞ்சு புதுப்பிச்சா அஞ்சு வருசம் கெடைக்கும், அதுல நாலு மீதி இருந்தா தாராளமா செலவு பண்ணலாம், ஆறு மாசந்தான் மீதின்னா ஆயில ஊத்தி ஓட்டிட்டு அப்புறம் யோசிங்க. ஓடும்போது டேஷ்போர்டுல அந்தச் செவப்பு ஆயில் லைட்டு எரிஞ்சா மட்டும் வீடு பக்கந்தானேன்னு ஓட்டாதீங்க, நடுரோடுன்னாலும் ஓரங்கட்டி ஆப் பண்ணிருங்க.

கண்ணாடிக்கு அங்கன இருந்து நேரம் ஆச்சுன்னு கை காட்டுதாவ. ஒண்ணே ஒண்ணு, வடிச்ச பழைய ஆயில ஓடையில ஊத்திராதீங்க, அது நேரா தாமிரபரணிக்குத்தான் போவும். கேன்ல பிடிச்சு வொர்க்‌ஷாப்புல குடுங்க, அதை எடுக்க ஆளு வருவாவ. வாரேன், வணக்கம்.