பக்கத்து பெட்லயே இருந்த கிட்னி

விழாத் தலைவர் அவர்களே, டூட்டிக்கு நடுவுல ஓடி வந்திருக்கிற டாக்டர் ஐயா அவர்களே, வாடகை வாங்காம மண்டபம் கொடுத்த அண்ணாச்சி அவர்களே, இவர விட்டுட்டா அடுத்த வருஷம் மண்டபம் கிடையாது, கவுன்சிலர் அம்மா, முன்வரிசையில சால்வைக்காக உக்காந்திருக்கிற பெரியவங்க, எல்லாருக்கும் வணக்கம்.

தனக்கு மிஞ்சினாதான் தான தர்மம்னு எங்க அப்பத்தா சொல்லும். கிட்னி விஷயத்துல கடவுள் மிஞ்சியேதான் கொடுத்திருக்கான். சுகர், பிபி எல்லாம் பாத்துட்டுதான் எடுப்பாங்க, ஒண்ண கொடுத்தா இன்னொண்ணு கொஞ்சம் பெருசாகி சேத்து வேலை பாக்கும். 1954லயே பாஸ்டன்ல ரெட்டைப்பிறவில ஒருத்தர் இன்னொருத்தருக்கு கொடுத்தாச்சு, 1971ல நம்ம வேலூர் சிஎம்சியிலயும் பண்ணியாச்சு.

உயிரோட இருக்கிறவங்ககிட்ட கிட்னி வாங்க மூணு வழி சொல்றேன். ஒண்ணு சொந்தம். அப்பா அம்மா, புள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, புருஷன் பொண்டாட்டி, 2011 திருத்தத்துல தாத்தா பாட்டி பேரப்பிள்ளைங்களும் சேந்தாங்க. மச்சான், பிரண்டுன்னா காசு கைமாறலன்னு கமிட்டி நம்பணும். ரெண்டு, ரத்த குரூப் சேராட்டியும், நோயாளி ரத்தத்துல அந்த கிட்னிய எதிர்க்கிற ஆன்டிபாடிய வடிச்செடுத்துட்டு மாத்துறது, செலவு ஜாஸ்தி, அத டாக்டர் ஐயா பேசுவார். மூணாவது ஸ்வாப், அதாவது ரெண்டு ஜோடி கிட்னிய மாத்தி மாத்தி கொடுத்துக்கிறது, அதுக்குத்தான் நான் வந்தேன்.

எங்க தெருக்காரர் ஒருத்தர், ஏ குரூப். வாரம் மூணு டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், ஊசி குத்தி குத்தி கை புடைச்சுப் போச்சு, தண்ணிய டம்ளர்ல அளந்து குடிப்பார். பொண்டாட்டி தர ரெடி, ஆனா அந்தம்மா பி, சேராது. பக்கத்து பெட்டுல ஒரு வாத்தியார், டிவில நியூஸ் வைக்கணுமா சீரியல் வைக்கணுமான்னு ரெண்டு பேருக்கும் எப்பவும் சண்டை, மூஞ்சி கொடுத்து பேசிக்க மாட்டாங்க. வெளிய வராண்டாவுல ரெண்டு வீட்டம்மாவும் சோத்து தூக்க பிரிச்சு, புளி உப்பு இல்லாத குழம்பு எப்படி வைக்கிறதுன்னு பேசி பேசி, கடைசில ரத்த குரூப்புக்கு வந்திருக்காங்க. பாத்தா வாத்தியார் பி, அவர் சம்சாரம் ஏ! இந்தம்மா கிட்னி அவருக்கு, அந்தம்மா கிட்னி இவருக்கு. யாரும் கடைசி நேரத்துல பின்வாங்கக் கூடாதுல்ல, அதனால நாலு பேருக்கும் ஒரே நாள்ல ஆபரேஷன். இப்ப டிவி சண்டை போன்ல நடக்குது. (கொடுத்தது ரெண்டும் பொம்பளைங்கதான், கவனிச்சீங்களா ஆம்பளைங்களா?)

கேக்குறேன், குழம்பு பேசலன்னா என்னாயிருக்கும்? ஒரு ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்கிற நாலு ஜோடிக்குள்ள தேடினா பொருத்தம் எங்க அமையும்? அதுலயும் ஓ குரூப் நோயாளி ஓ கிட்டதான் வாங்க முடியும், அவங்களுக்கு ஜோடி அமையறது இன்னும் கஷ்டம். மூளைச்சாவு தானத்துக்கு டிரான்ஸ்டான்னு நம்ம அரசாங்க அமைப்புல மாநிலத்துக்கே பொதுவா லிஸ்ட் வச்சு கொடுக்கிறாங்கல்ல, அந்த மாதிரி ஸ்வாப்புக்கும் பெரியாஸ்பத்திரி தனியார் எல்லாம் கட்டாயமா ஒரே லிஸ்ட்ல வரணும். தனக்கு மிஞ்சினத தர ஆள் ரெடியா நிக்குது, சேத்து வைக்க ஆள் வேணும்.

டாக்டர் ஐயா வாட்ச்ச பாக்குறார். வாசல்ல மேஜையில மனு இருக்கு, கையெழுத்து போட்டவங்களுக்குத்தான் சாப்பாட்டு டோக்கன்னு அண்ணாச்சி சொல்லிட்டார்.