பாலாடையும் ஆறு பை சீமெந்தும்

நேயர்களுக்கு வணக்கம். நிலம் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது, நான் வேளாண்மைக்காரன் இல்லையே என்று தயங்கினேன். வன்னியில் நிலம் என்றால் முதலில் வயல்தானே நினைவுக்கு வரும். அவர்கள் கேட்டது வீட்டுக்குள்ளே, மில்லுக்குள்ளே நாம் மிதிக்கிற சீமெந்து நிலத்தை. அதன் மேல் காசு செலவழித்துப் பூசுகிற எபொக்சிப் பூச்சு, அதாவது பிசினையும் இறுக்கியையும் கலந்து பூசுகிற பெயின்ற், ஏன் உரிகிறது என்பதை. சரி, அது என் தொழில்தான்.

மாங்குளத்துக்குப் பக்கத்தில் பால் சேகரிக்கிற ஓர் அறை. பால் சிந்திப் புளித்தால் அதிலுள்ள லக்ரிக் அமிலம் சீமெந்தை மெல்ல மெல்ல அரிக்கும். அதனால் அங்கே பூச்சு ஆடம்பரம் இல்லை, தேவை. ஆவணி வெயிலில் பூசினார்கள். கண்ணாடி மாதிரி இருந்ததாம். கார்த்திகை மழை முடிவதற்குள் தோசை உரிவதுபோல் உரிந்துவிட்டது. உரிமையாளர் பெயின்றைக் குறை சொன்னார். பெயின்ற் விற்றவர் மேசனாரைக் குறை சொன்னார். மேசனார் மழையைக் காட்டினார். அந்த மூன்று பேருக்கும் நடுவில் ஓர் இழுவைக் கருவியோடு போய் நின்றேன்.

கருவி பெரிய விசயம் இல்லை. 50 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய இரண்டு அங்குல விட்டமுள்ள ஓர் உலோக வட்டு. தொழிலில் டொலி என்போம். அதைப் பூச்சின் மேல் பலமான பசையால் ஒட்டி, பசை நன்றாக இறுகும்வரை விட வேண்டும். அவசரப்பட்டால் பசைதான் கழன்று வரும். பிறகு டொலியைச் சுற்றி வட்டமாக, பூச்சைத் தாண்டிக் கொங்கிறீட்டுக்குள் கொஞ்சம் இறங்கும்படி வெட்டுவோம். வெட்டாமல் இழுத்தால் பக்கத்துப் பூச்சும் சேர்ந்து தாங்கி, பொய்யான பெரிய இலக்கம் காட்டும். அப்புறம் நேர் மேலே, ஒரே சீராக, மெதுவாக இழுப்பது. பிடுங்குப்படும் கணத்தில் மானியில் உள்ள அளவைக் குறித்துக்கொள்வோம். இதற்கு ஏ.எஸ்.ரி.எம். என்ற அமெரிக்க நியம அமைப்பின் டி 7234 என்று கொங்கிறீட்டுக்கென்றே ஒரு நியமம் உண்டு. இரும்புக்குப் பாவிக்கிற 20 மில்லிமீற்றர் சின்ன டொலியை இங்கே கொண்டுவரக் கூடாது. நம்முடைய கொங்கிறீட்டில் போடுகிற முக்கால் இஞ்சிக் கல்லே கிட்டத்தட்ட அந்த அளவு. டொலி ஒரே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டால் கல்லைத்தான் சோதித்ததாக முடியும்.

மெகா பாஸ்கல் என்பது ஒரு பரப்பில் எவ்வளவு விசை என்று அளக்கிற அலகு. பொதுவாக 1.5 மெகா பாஸ்கலாவது வர வேண்டும் என்று கேட்பார்கள். கேட்க ஒன்றரை என்று சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பாருங்கள். அந்த இரண்டு அங்குல வட்டத்தில் அது ஏறக்குறைய 300 கிலோ இழுவை. 50 கிலோ சீமெந்துப் பை ஆறைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி.

மாங்குளத்தில் பூச்சு இன்னும் உரியாத மூன்று இடங்களில் இழுத்தோம். 0.5, 0.7, 0.4. உரிமையாளர் பெயின்ற் விற்றவரைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நான் டொலியைத் திருப்பிக் காட்டினேன். நேயர்களே, இந்தச் சோதனையில் இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகிறவரை நம்பாதீர்கள். எங்கே பிளந்தது என்று கேளுங்கள். டொலிக்கும் பூச்சுக்கும் இடையில் பசை விட்டிருந்தால், பூச்சின் உண்மையான பலம் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். பூச்சு சுத்தமாகக் கழன்று, அடியில் ஒன்றுமே ஒட்டாமல் வந்திருந்தால் எண்ணெய், தூசு, ஈரம், பிழையான கலவை என்று தேட வேண்டும். கல்லும் மணலுமாகக் கொங்கிறீட் பிய்ந்து, இலக்கமும் உயரமாக இருந்தால் சந்தோசப்படுங்கள். பூச்சு கொங்கிறீட்டை விடப் பலமாகப் பிடித்திருக்கிறது. இழுவிசையைப் பொறுத்தவரை கொங்கிறீட் ஒரு நோஞ்சான். அமுக்கினால் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் இழுத்தால் தாங்கும்.

எங்கள் டொலியின் அடியில் இருந்தது வேறு. சாம்பல் நிறத்தில், விரலால் தேய்த்தால் கோதுமை மா போல உதிர்கிற ஒரு மெல்லிய தோல். எபொக்சி அதை விடாமல் பிடித்திருந்தது. அந்தத் தோல்தான் கீழே உள்ள கொங்கிறீட்டைப் பிடிக்கவில்லை. இதற்கு ஆங்கிலத்தில் லெயிற்றன்ஸ் என்று பெயர், பிரெஞ்சில் பாலைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. நான் பாலாடை என்றேன். பால் அறையில் நின்றதால் உடனே விளங்கிவிட்டது. கலவை இழுபடவில்லை என்று தண்ணீரைக் கூட்டினால் அந்தத் தண்ணீர் மேலே வரும்போது நுண்ணிய சீமெந்தையும் தூசையும் தூக்கி வரும். அதன் மேல் வெறும் சீமெந்தைத் தூவி மினுக்கினால் ஆடை இன்னும் தடிக்கும். பார்க்க அழகு. நடக்கவும் போதும். பூச்சுக்கு மட்டும் உதவாது.

மேசனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தம்பி, நாப்பது வருசமா நிலம் போடுறன். ஒருத்தரும் இழுத்துப் பாக்கேல்லை."

மழையின் மேல் அவர் போட்ட பழியும் முழுப் பொய் இல்லை. நான் பார்த்த பல நிலங்களுக்குக் கீழே பொலித்தீன் விரிக்கப்படவில்லை. மாரியில் மண் ஊறும்போது ஈரம் கொங்கிறீட் வழியாக மேலே ஏறி, பூச்சை அடியிலிருந்து தள்ளும். பதினெட்டு அங்குலச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி, பதினாறு மணித்தியாலம் விட்டு, அடியில் வியர்வை பூத்திருக்கிறதா என்று பார்ப்பது பழைய வழி. நல்ல வழிதான். ஆனால் ஆவணியில் உலர்ந்திருந்தது என்பது கார்த்திகைக்குச் சாட்சி ஆகாது.

கருவி இல்லாதவர்கள் பூசுவதற்கு முன் ஓர் ஆணியால் நிலத்தைக் கீறிப் பாருங்கள். வெள்ளைத் தூள் எழும்பினால் கிரைண்டர் பிடிக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் எண்ணெயோ வேறு ஏதோ அங்கே இருக்கிறது.

அந்த அறையில் பூச்சு முழுவதையும் எடுத்து, கல் முகம் தெரியும்வரை உரைஞ்சி, பங்குனியில் ஒரு மூலையில் மட்டும் பூசிச் சோதித்தோம். 1.9, 2.1, 1.8. மூன்றிலும் கொங்கிறீட்தான் பிய்ந்தது. பிறகுதான் முழு அறைக்கும் பூசச் சொன்னேன். நிலத்தில் மூன்று ஓட்டை விழுந்துவிட்டதே என்று உரிமையாளர் கவலைப்பட்டார். எபொக்சிச் சாந்தால் அடைத்துக் கொடுத்தோம்.

டொலியைச் சூடாக்கிப் பசையை உரித்தால் மறுபடி பாவிக்கலாம். அதனால் மூன்றையும் எண்ணிப் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தேன். இரண்டுதான் இருந்தன. கல்லோடு பிய்ந்து வந்த மற்றதை மேசனார் தன் சாமான் பைக்குள் வைத்துவிட்டார். இப்போது நிலம் போட எங்கே போனாலும், வேலையாட்கள் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது அதை எடுத்துக் காட்டுகிறாராம்.