கண் இல்லாமல் பிறந்த குழந்தைகள்: இங்கிலாந்து வரைபடத்தில் ஒரு தேடல்

[திரையில்: இங்கிலாந்து வரைபடம். ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள்.]

1993. கண்ணே இல்லாமல் பிறந்த குழந்தைகளைப் பற்றி, பிரிட்டனின் ‘தி அப்சர்வர்’ ஞாயிறு இதழில் செய்திகள் வருகின்றன. சில பகுதிகளில் இப்படிப்பட்ட பிறப்புகள் கூட்டம்கூட்டமாக இருக்கின்றனவாம். வயலில் தெளிக்கும் பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லியின் மேல் சந்தேகம்.

சும்மா எழுந்த சந்தேகம் அல்ல. சினை எலிகளின் வயிற்றுக்குள் குழாய் வழியாகப் பெனோமிலை அதிக அளவில் செலுத்தியபோது, குட்டிகளின் கண்கள் பழுதாகியிருந்தன. ஆனால் எலிக்குக் குழாயில் போனது ஓர் அளவு; வயலோரம் நடந்துபோகும் பெண்ணின் உடம்புக்குள் போவது எந்த அளவு?

[திரையில்: கண்குழியின் எளிய வரைபடம்.]

விழிக்கோளமே இல்லாமல் போவது அனாப்தால்மியா. உருவாகியும் சிறுத்தே நின்றுவிடுவது மைக்ராப்தால்மியா. இரண்டும் சேர்த்து, இங்கிலாந்தில் 10,000 பிறப்புக்கு ஒன்று. அங்கே அப்போது ஆண்டுக்குச் சுமார் ஆறரை லட்சம் பிறப்புகள். ஆக, நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 65 குழந்தைகள்தான்.

[திரையில்: தரையில் சிதறும் அரிசி.]

இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில்தான் கண் நம்மை ஏமாற்றும். ஒரு பிடி அரிசியைத் தரையில் வீசிப் பாருங்கள். புள்ளிக்கோலம் மாதிரி சீராகவா விழும்? ஓரிடத்தில் ஏழெட்டு மணிகள் ஒட்டிக் கிடக்கும், பக்கத்திலேயே வெறுந்தரை. அந்த ஏழெட்டு மணிகளைச் சுற்றி அப்புறம் வட்டம் போட்டுவிட்டு ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்றால் எப்படி?

அதனால் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஹெலன் டோல்க் குழுவினர் எல்லாக் குழந்தைகளையும் எண்ணினார்கள். 1988 முதல் 1994 வரை, இங்கிலாந்து முழுவதும். ஒரு குழந்தைக்கு அருகில் இதே பாதிப்புள்ள இன்னொரு குழந்தை இருப்பது தற்செயலை விட அதிகமா என்று சோதித்தார்கள். 1998இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது: கூட்டம் சேர்ந்திருப்பதற்கு ஆதாரம் மிகவும் சொற்பம்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

[திரையில்: நகரம், கிராமம் — இரண்டு பட்டைகள்.]

மக்கள் நெருக்கம் மிகக் குறைந்த வார்டுகளில், மிக அதிகமான வார்டுகளை விட இந்தப் பாதிப்பு 1.79 மடங்கு இருந்தது. கடுமையானவற்றை மட்டும் எடுத்தால் 2.37 மடங்கு. வறுமையோடு ஒப்பிட்டால் இப்படி ஏற்ற இறக்கம் எதுவும் தெரியவில்லை. கிராமத்தோடு மட்டும்தான்.

‘பார்த்தீர்களா, வயலில் தெளிக்கும் மருந்துதான்!’ என்று துள்ள வேண்டாம். கிராமத்தில் மருந்து மட்டுமா இருக்கிறது? கருவின் கண்ணைத் தாக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையிடமும் ஆட்டிடமும் உண்டு. உணவும் காரணமாகலாம்: 1930களில் அமெரிக்காவின் டெக்சஸில், வைட்டமின் ஏ இல்லாத தீனி தின்ற பன்றி, விழிக்கோளம் இல்லாத குட்டிகளை ஈன்றது. மரபணுவும் உண்டு. 2003இல் அடையாளம் காணப்பட்ட சாக்ஸ்2 மரபணுப் பிழை, பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுகிறது. அதற்கு ஊரும் தெரியாது, வயலும் தெரியாது.

நீதிமன்றம் வேறு வழியில் போனது. பெனோமில் மீதான வழக்கில், 1996இல் அமெரிக்காவின் மயாமி நடுவர் குழு, இப்படிப் பிறந்த ஒரு சிறுவனின் குடும்பத்துக்கு 40 லட்சம் டாலர் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் கவிழ்ந்த அந்தத் தீர்ப்பை 2003இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் மீட்டது. அதற்குள், 2001இலேயே, பெனோமில் விற்பனையை நிறுத்துவதாக அதைத் தயாரித்த டியுபான்ட் நிறுவனம் அறிவித்திருந்தது.

[திரையில்: மீண்டும் வரைபடம்.]

இந்தப் புள்ளிகளை இன்னொரு தடவை பாருங்கள். ஒவ்வொன்றும் குழந்தை பிறந்தபோது தாய் குடியிருந்த இடம். ஆனால் கண் உருவாகத் தொடங்குவது கருத்தரித்த 22ஆம் நாள் வாக்கில். அடிப்படை வடிவம் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். நாள் தள்ளிப்போனதைச் சில பெண்கள் அப்போதுதான் கவனித்திருப்பார்கள். நடுவே அவர்கள் வீடு மாறியிருந்தால், அந்தப் புள்ளி இருக்கவேண்டிய இடம் வேறு.