கடையடைப்பு முடிந்த பிறகு

(மதுரையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

2020 ஜூன் 19. ஊரடங்கு நாட்கள். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஒரு அப்பாவையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. அங்கே இரவு முழுக்க அடித்தார்கள். அப்புறம் கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் காலை அப்பா இறந்தார்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வணிகர்கள் கடையடைப்பு செய்தார்கள். கைபேசி வைத்திருந்தவர்கள் எல்லோரும் நீதி கேட்டு எழுதினார்கள். மும்பையிலும் டெல்லியிலும் இருந்த சினிமாக்காரர்களும் கிரிக்கெட் வீரர்களும்கூட சாத்தான்குளம் என்ற பெயரை முதல்முறையாக உச்சரித்தார்கள்.

இந்தக் கூட்டத்துக்கு வருவதற்கு முன் ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். "ஐயா, அந்தக் கோபம் மனசார வந்ததா, இல்லை அவரவர் ஆதாயத்துக்கு வந்ததா?" இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

வணிகர்களில் இருந்து தொடங்குகிறேன். அவர்கள் ஏன் கடையை அடைத்தார்கள்? இறந்தவர்கள் கடைக்காரர்கள். ஊரடங்கில் போலீஸ் லத்தியோடு வந்து ஷட்டரைத் தட்டியதை அவர்களில் பலர் அனுபவித்திருந்தார்கள். நாளைக்கு நமக்கும் இது நடக்கும் என்று பயந்தார்கள். அதைச் சுயநலம் என்று ஒருவர் சொன்னால், சரி, சுயநலம்தான். ஆனால் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தன் வலி வழியாக இன்னொருவர் வலிக்குப் போவது மனித இயல்பு. கோபம் எங்கிருந்து கிளம்பியது என்று நான் கேட்பதில்லை, எங்கே போய் நின்றுவிட்டது என்றுதான் கேட்கிறேன்.

அது எங்கே நின்றது தெரியுமா? அதே காவல் நிலையத்தின் வாசலிலேயே நின்றது. அதற்கு முந்தைய மாதம், 2020 மே 23 அன்று, அதே நிலையத்துப் போலீசார் ஒரு இளைஞரை அழைத்துப்போனார்கள். விசாரணை என்றார்கள், ஆனால் தேடப்பட்டவர் அவருடைய அண்ணன். ஜூன் 13 அன்று அந்த இளைஞர் மருத்துவமனையில் இறந்தார். அடித்ததில்தான் இறந்தார் என்பது குடும்பத்தின் புகார். அவருக்காக எந்த ஊரிலும் ஷட்டர் இறங்கவில்லை. அவருக்குக் கடையும் இல்லை, சங்கமும் இல்லை. தந்தையும் மகனும் இறந்து நாடே கொந்தளித்த பிறகுதான் அந்த இளைஞருடைய தாயின் குரல் உயர் நீதிமன்றம் வரை போனது. ஜூன் 13 அன்றே நாம் கோபப்பட்டிருந்தால் ஜூன் 19 என்ற ஒரு நாள் வந்திருக்குமா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் பண்ணிய இரவுகள் உண்டு.

கொஞ்சம் பின்னால் போங்கள். 1993, கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையம். குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியைத் திருட்டு வழக்கில் பிடித்துப்போய் அடித்துக் கொன்றார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று கணக்கு எழுதினார்கள். அவருடைய மனைவியும், உடன் நின்ற உள்ளூர் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும், வழக்கறிஞராக இருந்த சந்துருவும் நீதிமன்றத்தில் போராடினார்கள். தமிழ்நாடு அழுததா? அழுதது. 2021இல், அந்தக் கதை சினிமாவாக வந்தபோது. இடையில் 28 ஆண்டுகள்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கே கஷ்டமான விஷயம். 2019 டிசம்பர் 6. ஹைதராபாத் பக்கத்தில், ஒரு கால்நடை மருத்துவரைப் பாலியல் வன்முறை செய்து எரித்துக் கொன்ற வழக்கில் கைதான நான்கு பேரை விடிகாலையில் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீசார் மீது பூத் தூவினார்கள். என் வீட்டில் தொலைக்காட்சியைப் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நல்ல வேலை" என்று என் வாயும் சொன்னது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. அந்த நால்வரில் மூன்று பேர் சிறார்கள் என்றும் சொன்னது.

கை தட்டி ஆறே மாதம். சாத்தான்குளத்துக்காக அதே கையால் நீதி கேட்டு எழுதினேன். இரண்டு நாளும் என் மனசு உண்மையாகத்தான் கொதித்தது, அதில் நடிப்பு இல்லை. ஆனால், விசாரிக்காமல் அடிக்கவும் கொல்லவும் போலீசுக்கு உரிமை உண்டு என்று டிசம்பரில் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்த உரிமை ஜூனில் ஒரு செல்போன் கடைக்கு வந்தது. மனசார வந்த கோபம் என்பதாலேயே அது சரியான கோபம் ஆகிவிடாது என்று எனக்குப் புரிய அவ்வளவு நாள் பிடித்தது.

அடுத்து கட்சிகள். 2020இல் ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. சாத்தான்குளம் மரணங்களுக்குக் காரணம் மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்றது அரசின் முதல் அறிக்கை. எதிர்க்கட்சியான தி.மு.க. கடுமையாகக் கண்டித்தது, குடும்பத்துக்கு 25 லட்சம் கொடுத்தது. 2025 ஜூன் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர், நகை காணாமல்போன புகாரில் தனிப்படைப் போலீசாரின் விசாரணையில் இறந்தார். அப்போது ஆட்சி தி.மு.க.வுடையது. முதல் தகவல் அறிக்கையில் வலிப்பு வந்தது என்று எழுதினார்கள். பிரேதப் பரிசோதனையோ உடம்பில் 44 காயங்களைக் காட்டியது. இந்த முறை கடுமையாகக் கண்டித்தது அ.தி.மு.க. நாற்காலி இடம் மாறியது, வசனம் மாறவில்லை.

ஒரு வித்தியாசத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2025இல் முதலமைச்சரே காவலாளியின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து வருத்தம் தெரிவித்தார். தேர்தலை எதிர்நோக்கி இருந்த த.வெ.க.வும் சென்னையில் ஆர்ப்பாட்டம் நடத்தியது. ஓட்டுக்காகத்தானே என்று பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அதில் காவல் மரணங்களில் பிள்ளைகளையும் கணவரையும் இழந்த பல குடும்பங்கள் வந்து நின்றன. அதுவரை அவர்களை யாரும் மேடைக்கு அழைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆதாயத்துக்காகப் போட்ட மேடையாக இருந்தாலும் அந்தத் தாய்மார்களின் கண்ணீர் ஆதாயத்துக்கு வந்தது இல்லை. அந்த மேடையை நான் எள்ளி நகையாட மாட்டேன். அடுத்த மேடை எப்போது என்று மட்டும் கேட்பேன், அதுவும் யார் ஆட்சியில் இருந்தாலும் கேட்பேன்.

எதையாவது இழக்கத் தயாராக இருந்தவர்கள் யார் என்று தேடிப்பாருங்கள். சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் இருந்தார். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் பாரதிதாசனையே ஒரு காவலர் ஒருமையில் பேசி, உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பொருளில் கேவலமாகச் சொன்ன இடம் அது. அங்கே கேமரா பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. சக காவலர்கள் வெளியே நின்று மிரட்டும் தோரணையில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் உள்ளே உட்கார்ந்து, இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது என்று வாக்குமூலம் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது பயந்தார். பயந்துகொண்டே போட்டார். அவருக்கு அதில் வேலை, வீடு, குழந்தைகள் எல்லாம் பணயம். சாதிக்காகவோ கட்சிக்காகவோ அவர் அதைச் செய்யவில்லை.

நாம் எழுதியதெல்லாம் ஒரு வாரத்தில் ஓய்ந்தது. அந்தக் கையெழுத்துதான் வழக்கை நிலைநிறுத்தியது. 2025இல் திருப்புவனம் செய்தி வந்த நாளிலும், ஐந்து ஆண்டு ஆகியும், சாத்தான்குளம் வழக்கின் விசாரணை இதே மதுரையில் நடந்துகொண்டுதான் இருந்தது. இங்கிருந்து நீதிமன்றம் எவ்வளவு தூரம்? டவுன் பஸ்ஸில் போய்விடலாம். நான் ஒரு நாளும் போகவில்லை. உங்களில் போனவர்கள் இருந்தால் கை தூக்குங்கள்.

(இரண்டு கைகள் உயர்ந்தன.)

அந்த இருவருக்கும் என் வணக்கம்.

மடப்புரத்தில் காவலாளியை அடித்ததைக் கோயில் கழிப்பறைக்குள் ஒளிந்து நின்று கைபேசியில் எடுத்தார் ஒருவர். சில நொடிக் காணொளி. நாம் எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம். எடுத்தவரோ, தன் உயிருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று காவல் துறைத் தலைமைக்கே மனு எழுத வேண்டியிருந்தது. சாட்சிக் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு நின்று முடிக்கும்வரை அவர் அதே ஊரில் வாழ வேண்டும், அதே டீக்கடைக்குப் போக வேண்டும். நம்மில் சட்டம் படித்தவர்கள் இருக்கிறீர்கள், திருப்புவனம் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். வாய்தா நாட்களில் சாட்சிகளோடு யார் யார் போகலாம் என்று ஒரு பட்டியல் போடுவோம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.