போஸ்ட்கிரஸில் இருந்தே மைஎஸ்க்யூஎல் டேபிளைப் படிப்பது எப்படி?

[திரை: இடப்பக்கம் மைஎஸ்க்யூஎல், அதில் ஆர்டர்கள். வலப்பக்கம் போஸ்ட்கிரஸ், அதில் கணக்கு.]

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் ரெண்டும் தனித்தனி டேட்டாபேஸ் மென்பொருள். ஆர்டர் எல்லாம் மைஎஸ்க்யூஎல்லில், வரவு செலவு போஸ்ட்கிரஸில். ரெண்டையும் ஜாயின் பண்ணி ஒரு ரிப்போர்ட் வேணும். தினம் ராத்திரி சிஎஸ்வி எடுத்து ஏத்த வேண்டாம். ஃபாரின் டேபிள், அதாவது வெளியே இருக்கிற டேபிளை இங்கே இருக்கிற மாதிரியே படிக்கிற வசதி, போஸ்ட்கிரஸில் 2011-லயே, 9.1 பதிப்பில் வந்தாச்சு. அப்போ படிக்க மட்டும்தான். எழுதுற வசதி 2013-ல், 9.3-ல் வந்தது.

[திரை: டெர்மினல்]

மைஎஸ்க்யூஎல் எஃப்டிடபிள்யூ (ஃபாரின் டேட்டா ராப்பர், ரெண்டையும் இணைக்கிற நீட்சி) பேக்கேஜை போஸ்ட்கிரஸ் சர்வரில் நிறுவுங்க. அப்புறம் நாலே கட்டளை. கிரியேட் எக்ஸ்டென்ஷன். கிரியேட் சர்வர்: ஹோஸ்ட், போர்ட் 3306. கிரியேட் யூசர் மேப்பிங்: அந்தப் பக்கத்து யூசர், பாஸ்வேர்ட். கடைசியா இம்போர்ட் ஃபாரின் ஸ்கீமா. இதில் ‘லிமிட் டு’ போட்டு வேண்டிய டேபிளை மட்டும் எடுங்க, இல்லேன்னா அந்த டேட்டாபேஸ்ல இருக்கிற அத்தனையும் வந்து குவியும்.

கனெக்ட் ஆகலையா? உங்க லேப்டாப்பில் இருந்து திறக்குதேன்னு குழம்பாதீங்க. இணைப்பு போறது போஸ்ட்கிரஸ் ஓடுற சர்வரில் இருந்து. ஃபயர்வால் திறக்கறதும் மைஎஸ்க்யூஎல்லில் கிராண்ட் (அனுமதி) கொடுக்கறதும் அந்த ஐபிக்குத்தான். அந்த யூசருக்கு படிக்க மட்டும்னா செலக்ட் உரிமை போதும்.

[திரை: தேதி நெடுவரிசை, நடுவில் ஒரு வரி சிவப்பில்]

அடுத்த சிக்கல் டேட்டா டைப். பழைய மைஎஸ்க்யூஎல் டேபிள்களில் 0000-00-00 என்று தேதி இருக்கும். போஸ்ட்கிரஸுக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. அந்த ஒரு வரி வந்ததும் மொத்த குவெரியும் விழுந்துடும். மைஎஸ்க்யூஎல் பக்கமே ஒரு வியூ (சேமிச்சு வெச்ச குவெரி) போட்டு அந்தத் தேதியை ‘நல்’ (மதிப்பு இல்லை) ஆக்கிட்டு, அந்த வியூவை இணைக்கறதுதான் சுத்தமான வழி. மைஎஸ்க்யூஎல்லின் அன்சைன்ட் இன்ட் (மைனஸ் இல்லாத முழு எண்) 4294967295 வரை போகும், போஸ்ட்கிரஸ் இன்டிஜர் 2147483647-லயே நின்னுடும். ஃபாரின் டேபிளைக் கையால் எழுதினா பிக்இன்ட் (பெரிய முழு எண் வகை) போடுங்க.

[திரை: எக்ஸ்ப்ளெய்ன் வெர்போஸ், ‘ரிமோட் குவெரி’ வரி பெரிதாக]

ரிப்போர்ட் ஆமை வேகத்தில் ஓடினா, குவெரி எப்படி ஓடும்னு காட்டுற எக்ஸ்ப்ளெய்ன் வெர்போஸில் இந்த ‘ரிமோட் குவெரி’ வரியைத்தான் பார்க்கணும். மைஎஸ்க்யூஎல்லுக்கு என்ன குவெரி போகுதுன்னு அப்படியே காட்டும். குவெரியின் ‘வேர்’ (நிபந்தனை) பகுதியில், இப்போதைய நேரத்தைத் தரும் ‘நவ்’ ஃபங்ஷனை வெச்சு ‘கடந்த 7 நாள்’னு கேட்டீங்கன்னா, அந்த நிபந்தனை ரிமோட் குவெரியில் இருக்காது. நவ் ஓட ஓட மாறும் மதிப்பு என்பதால் அதை அங்கே அனுப்ப மாட்டாங்க. டேபிள் முழுசும் இங்கே இறங்கி, அப்புறம்தான் வடிகட்டல். அதுக்குப் பதில் தேதியை அப்ளிகேஷனில் கணக்குப் போட்டு நேரடி மதிப்பா கொடுங்க. இப்போ பாருங்க, ‘வேர்’ நிபந்தனை மைஎஸ்க்யூஎல்லுக்கே போயிடுச்சு.

அப்படியும் கனமா இருந்தா மெட்டீரியலைஸ்டு வியூ, அதாவது குவெரியின் விடையை போஸ்ட்கிரஸிலேயே சேமிச்சு வைக்கிற வியூ. அதில் ஒரு யுனிக் இண்டெக்ஸ் இருந்தா, ‘கன்கரன்ட்லி’ போட்டு ரிஃப்ரெஷ் பண்ணலாம். படிக்கிறவங்க காத்திருக்க வேண்டாம்.

எழுதணும்னா, ஃபாரின் டேபிளின் முதல் நெடுவரிசை யுனிக்கா (மதிப்பு திரும்ப வராம) இருந்தாகணும், இல்லேன்னா அப்டேட், டெலீட் நடக்காது. ரெண்டு பக்கமும் ஒண்ணா கமிட் ஆகும்னு மட்டும் நம்பாதீங்க, இதில் டூ-ஃபேஸ் கமிட் (ரெண்டும் சேர்ந்தே பதிவாகும், இல்லேன்னா ரெண்டுமே ஆகாதுங்கிற உத்தரவாதம்) கிடையாது. பணம் சம்பந்தப்பட்ட எழுத்தை இந்த வழியில் விடவே விடாதீங்க.