பாலைவனத்துல வெடிச்ச அணுகுண்டு எங்க போச்சு?

[காட்சி: பெசன்ட் நகர் பீச், சாயங்காலம். செருப்பைத் தட்டும் கை. மணல் உதிர்கிறது.]

குரல்: பீச்சுக்குப் போயிட்டு வந்தா செருப்புல, பேண்ட் மடிப்புல எல்லாம் மணல். எவ்வளவு தட்டினாலும் நாலு பருக்கை வீட்டுக்குள்ள வந்துடும். இதை மனசுல வச்சுக்கோங்க.

[காட்சி: பச்சைக் கண்ணாடித் துண்டு, மிக அருகில்.]

1945 ஜூலை 16. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பாலைவனம். உலகத்தோட முதல் அணுகுண்டை ஒரு இரும்புக் கோபுரத்து மேல வச்சு வெடிச்சாங்க. அந்தச் சூட்டுல மணல் உருகி, ஆறினப்போ இப்படி ஆயிடுச்சு. பேரு டிரினிட்டைட். கோலி சோடா பாட்டில் சில்லு மாதிரி மேல வழவழன்னு இருக்கு. திருப்பினா சொரசொரன்னு மணல் ஒட்டியிருக்கு. இதுல இன்னைக்கும் கொஞ்சம் கதிரியக்கம் இருக்கு.

[காட்சி: ஆஸ்திரேலியா, மரலிங்கா. செம்மண் வெளி.]

இங்க பிரிட்டன் 1956, 57ல ஏழு குண்டு வெடிச்சது. ஆனா நிலத்தை ரொம்பக் கெடுத்தது, அதுக்கப்புறம் 1963 வரைக்கும் நடந்த 'சின்னச் சோதனைகள்'. சின்னதுன்னு எப்படித்தான் பேர் வச்சாங்களோ! அதுல அணுகுண்டுக்குப் பயன்படுற கதிரியக்க உலோகமான புளுட்டோனியம் சுமார் 22 கிலோ சிதறிடுச்சு. அது பாதியாக் குறையவே 24,000 வருஷம் ஆகும். அது வெளியே விடுற ஆல்ஃபாங்கிற கதிர் நம்ம தோலைத் தாண்டாது. தூசியா மூச்சுல ஏறி நுரையீரல்ல உட்கார்ந்தாதான் ஆபத்து. அங்க பூர்வகுடி மக்கள் மண்ணுலயே உட்கார்ந்து, அடுப்பு மூட்டி, தூங்குறவங்க. குழந்தைங்க விளையாடுறதும் அதே புழுதியிலதான். அதை யாரும் காலி நிலம்னு சொன்னா எனக்கு மனசு ஆறாது.

[காட்சி: அல்ஜீரியா, இன் எக்கர் மலை.]

சஹாராவுல பிரான்ஸ் 1960ல இருந்து 66 வரைக்கும் 17 குண்டு வெடிச்சது. 1962 மே 1 அன்னைக்கு மலையைக் குடைஞ்சு உள்ள வெடிச்சப்போ சுரங்கத்தோட அடைப்பு தாங்கலை. கதிரியக்கப் புகையும் உருகின பாறையும் வெளியே பாய்ஞ்சுது.

[காட்சி: ஐரோப்பிய நகரம். கார் கண்ணாடியில் செந்தூசி.]

2022 மார்ச்சுல சஹாரா தூசி ஐரோப்பாவுல இறங்குச்சு. அதுல சீசியம்-137ங்கிற, அணுகுண்டு வெடிப்புல உருவாகுற கதிரியக்கப் பொருளும் புளுட்டோனியமும் தடயமா இருந்துச்சு. உடம்பைப் பாதிக்கிற அளவு இல்லை. பிரான்ஸ் குண்டோட மிச்சமா இருக்கும்னுதான் யாருக்கும் தோணும். ஆராய்ஞ்சு பார்த்தா, அது அமெரிக்காவும் சோவியத்தும் வேற எங்கேயோ வானத்துல வெடிச்சதோட அடையாளம். அந்தத் துகள் காத்துல உலகம் பூரா சுத்தி, மழையோட சஹாரா மண்ணுலயும் இறங்கினது. நம்ம ஊர் மண்ணுலயும்தான், செருப்புல ஒட்டிக்கிட்டு வந்த அந்த பீச் மணல் மாதிரி.