கடலைப் பார்த்து வீட்டைப் பிடியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கரீபியன் தீவு ஒன்றில் ஒரு வாரத்துக்குத் தனி வில்லா எடுத்து, தினமும் காலையில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பவளப்பாறைக்கு மேல் மிதக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், முதலில் வீட்டின் படங்களைத்தான் பார்க்கிறார்கள். நீச்சல் குளம், பால்கனி, சமையலறை எல்லாம் பிடித்துப்போன பிறகு, பக்கத்தில் எந்தக் கடற்கரை என்று தேடுகிறார்கள். இப்படிக் குழாயால் மூச்சுவிட்டபடி மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கெலிங்குக்காகப் போகிறீர்கள் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் மாதம், அடுத்து கடற்கரை, கடைசியாகத்தான் வீடு. அமெரிக்க விர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் ஜானை வைத்து இதை விளக்குகிறேன்.

சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவு இது. டென்மார்க்கின் வசம் இருந்த இந்தத் தீவுகளை 1917இல் 2.5 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா வாங்கியது. செயின்ட் ஜானில் லாரன்ஸ் ராக்பெல்லர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் 1956இல் தேசியப் பூங்கா உருவானது. 1962இல் பூங்காவின் எல்லை கடலுக்குள்ளும் நீட்டப்பட்டது. இன்று தீவில் பாதிக்கு மேல் பூங்கா. வடகரையின் புகழ்பெற்ற கடற்கரைகள் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் அடங்கிவிடுகின்றன.

பூங்காவுக்குச் சொந்தமான நிலத்தில் வில்லா கட்ட முடியாது. அதனால்தான் அங்கே பவளப்பாறை இன்னும் பார்க்கும்படி இருக்கிறது. சரிவான மலையில் வீட்டுக்காகவும் மண்சாலைக்காகவும் வெட்டினால், அடுத்த மழையில் செம்மண் கரைந்து விரிகுடாவில் இறங்கும். வெளிச்சம் மங்கும், பவளத்தின் மேல் சேறு படியும், அது மூச்சுத் திணறிச் சாகும். வீடுகள் நெருங்கிய கோரல் பே (‘பே’ என்றால் விரிகுடா) துறைமுகப் பகுதியில் இந்தச் சேற்றுப் பிரச்சினை பல ஆண்டுகளாக உண்டு. ஆக, நல்ல ஸ்நார்க்கெலிங் கடற்கரையின் மணலிலேயே வாசல் வைத்த வில்லா இந்தத் தீவில் மிக அபூர்வம். விளம்பரத்தில் ‘கடற்கரைக்கு 5 நிமிடம்’ என்று போட்டிருந்தால், செங்குத்தான சாலையில் ஜீப்பில் 5 நிமிடம் என்று படியுங்கள். குழந்தைகளோடு நடந்து போய்வரலாம் என்று நினைத்து வந்தவர்கள் முதல் நாளே திணறிப்போவார்கள்.

இப்போது மாதத்துக்கு வருகிறேன். நவம்பர் முதல் மார்ச் வரை வட அட்லாண்டிக்கில் புயல் கிளம்பும்போதெல்லாம், அதன் அலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து வடகரையில் மோதும். உள்ளூரில் வானம் தெளிவாக இருக்கும், காற்றுகூட அடங்கியிருக்கும். ஆனால் ட்ரங்க் பேயிலும் சின்னமன் பேயிலும் அலை உடைந்து மணலைக் கிளப்பிவிடும், தண்ணீருக்குள் கையை நீட்டினால் விரல் தெரியாது. இரண்டு மூன்று நாளில் அடங்கும், பிறகு இன்னொன்று வரும். அந்த நாட்களில் தென்கரையின் சால்ட் பாண்ட் பே, லேம்ஷர் விரிகுடாக்கள் அமைதியாகக் கிடக்கும். கோடையில் இது மாறிவிடும். வடகரை குளம்போல் இருக்க, தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று தென்கரையைக் கலக்கும், சர்காஸம் என்கிற மிதக்கும் பாசியைக் கொண்டுவந்து குவிக்கும். கரையில் அழுகும் அந்தப் பாசி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்.

எனவே ஜனவரியில் போகிறவர் இரண்டு கரைக்கும் எளிதாகப் போகக்கூடிய வீட்டைத் தேட வேண்டும். கோரல் பே பக்கத்து மலைவீடுகள் இதற்கு நல்லது. தெற்கே சால்ட் பாண்டும், மலையைத் தாண்டினால் வடக்கே வாட்டர்லெமன் திட்டும், கிழக்கே ஹாலோவர் விரிகுடாவும் கைக்கெட்டும் தூரம். கீழைக்காற்று நேராக வீட்டுக்குள் வருவதால் ஏசி இல்லாமலும் தூங்கலாம், கொசுவும் குறைவு. ஆனால் உணவகமும் கடையும் அதிகம் உள்ள க்ரூஸ் பே நகரத்துக்கு வளைவுச் சாலையில் 25 நிமிடம் ஆகும். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் க்ரூஸ் பேக்கு மேலேயோ வடகரைச் சாலைக்கு அருகிலோ தங்கலாம். மேற்குப் பார்த்த வீட்டில் சூரியன் மறைவது அழகாகத் தெரியும், கூடவே மாலை வெயிலும் அறைக்குள் வரும். படத்தில் அந்தி வானம் மட்டும் தெரியும், வெப்பம் தெரியாது. பால்கனி எந்தத் திசை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டியவற்றில் முதலிடம் தண்ணீருக்கு. செயின்ட் ஜானில் ஆறு கிடையாது. பெரும்பாலான வில்லாக்கள் கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக வீட்டுக்கு அடியிலுள்ள பெரிய தொட்டியில் சேர்த்துத்தான் வாழ்கின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் நல்ல மழை பெய்தால், சிந்தாமல் சிதறாமல் சேர்ந்தால் 5,000 லிட்டர். எட்டுப் பேர் தங்கி ஆளுக்கு 150 லிட்டர் செலவழித்தால் ஒரு நாளைக்கு 1,200 லிட்டர் போய்விடும். ஒரு பெரிய மழை நான்கு நாளைக்குச் சற்று அதிகமாகத்தான் வரும். தொட்டி வற்றினால் லாரித் தண்ணீர்தான், அது விலை அதிகம். அதை யார் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீரை ஏற்றுவது மின் பம்ப். மின்சாரம் போனால் விளக்கோடு குழாயும் கழிவறையும் நின்றுவிடும். அங்கே மின்தடை சாதாரணம், மின்கட்டணமும் அதிகம். ஆகவே இரண்டு கேள்விகள். ஜெனரேட்டரோ பேட்டரியோ இருக்கிறதா? இருந்தால் அது பம்ப்பையும் சேர்த்து ஓட்டுமா, விளக்கையும் குளிர்பெட்டியையும் மட்டும்தானா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. குடிப்பதற்கு வடிகட்டியும் புற ஊதா விளக்கும் பொருத்தியிருந்தாலும், மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்த விளக்கு வேலை செய்யாது. சமையலறையில் பாட்டில் தண்ணீர் கொஞ்சம் இருக்கட்டும். பம்ப் சும்மா இருக்கும்போது அடிக்கடி ‘டக்’கென்று ஓடி நின்றால், எங்கோ கழிவறையில் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். அன்றே வீட்டு மேலாளருக்குச் சொல்லுங்கள், விட்டுவிட்டால் தொட்டி காலியாகிவிடும்.

அடுத்து பணம். ஓர் இரவுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பது முழு விலை அல்ல. அறை வாடகை வரி 12.5 சதவீதம் உண்டு. இரவுக்கு 500 டாலர் என்று வைத்துக்கொண்டால் 7 இரவுக்கு 3,500, வரி 437.50. அதற்குமேல் துப்புரவுக் கட்டணம், முன்வைப்புத் தொகை, சில வீடுகளில் ஏசிக்குத் தனிக்கட்டணம். டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை விலை உச்சத்தில் இருக்கும், பல வீடுகள் 7 இரவுக்குக் குறைவாகத் தரமாட்டார்கள்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அப்போது மலிவு, ஆனால் 2017 செப்டம்பரை மறக்கக் கூடாது. 6ஆம் தேதி இர்மா, இரண்டு வாரத்துக்குள் மரியா. தீவே சிதைந்து போனது. இந்த மாதங்களில் பயணக் காப்பீட்டை முன்பதிவு செய்யும் நாளிலேயே எடுத்துவிடுங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கிய காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது.

செயின்ட் ஜானில் விமான நிலையம் இல்லை. செயின்ட் தாமஸில் இறங்கி, டாக்சியில் தீவின் கிழக்கு முனையிலுள்ள ரெட் ஹுக் துறைக்குப் போய், அங்கிருந்து படகில் 20 நிமிடம். டாக்சிக் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்தது, பெட்டிக்குத் தனி. விமானம் பிற்பகல் 2 மணிக்குள் இறங்கும்படி பாருங்கள். குளிர்காலத்தில் 6 மணிக்கு இருட்டிவிடும். அந்த மலைச்சாலையில் விளக்குக் கம்பம் அதிகம் இல்லை, பல வீடுகளுக்கு முகவரிப் பலகையும் இல்லை. செயின்ட் ஜானில் படகு இறங்கும் துறையில் மேலாளர் வந்து நின்று, அவர் வண்டிக்குப் பின்னால் நீங்கள் ஓட்டிப் போவதுதான் வழக்கம். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் கட்டாயம் வேண்டும். சாலையில் இடப்பக்கம் ஓட்ட வேண்டும், ஆனால் ஸ்டீயரிங்கும் இடப்பக்கமே இருக்கும். பக்கத்தில் உட்காருகிறவர் வளைவுதோறும் எதிர்வண்டியைப் பார்த்துச் சொல்லட்டும்.

இனி தண்ணீருக்குள் இறங்குவோம். வில்லாவில் ஸ்நார்க்கெல் சாமான் இருக்கிறது என்று சொல்வார்கள். துடுப்புச் செருப்பு பரவாயில்லை, மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருத்தம். தண்ணீர் கசிந்தால் பட்டையை இறுக்காதீர்கள், இறுக்கினால் சிலிகான் விளிம்பு மடங்கி இன்னும் கசியும். பெரும்பாலும் அந்த விளிம்புக்கு அடியில் ஒரு முடிக்கற்றையோ மீசை முனையோ மாட்டியிருக்கும், அதை விலக்கினாலே போதும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். உள்பக்கத்தில் சாதாரண வெள்ளைப் பற்பசையைத் தேய்த்துக் கழுவாவிட்டால் பனி மூடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி அணிகிறவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. பவளத்தைக் கலங்கலாகப் பார்த்துவிட்டு வருவதற்கு இத்தனை தூரம் போக வேண்டியதில்லை.

நீச்சல் சரியாகத் தெரியாதவர்கள் காற்றடைக்கும் ஸ்நார்க்கெல் சட்டையைக் கூச்சப்படாமல் போடுங்கள். பயந்தவர் கால் ஊன்ற இடம் தேடுவார், அந்தக் கால் பவளத்தின் மேல்தான் போய் நிற்கும். கடுகு நிறத்தில், வெள்ளை நுனியோடு தெரிவது தீப்பவளம், தொட்டால் நெருப்புப் பட்டதுபோல் எரியும். கடல் நீரால் கழுவி வினிகர் ஊற்றுங்கள். கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய்த்து நிற்பது மான்சினீல் மரம். காயை வாயில் வைக்கக் கூடாது, மழைக்கு அதன் அடியில் ஒதுங்கவும் கூடாது. சொட்டும் தண்ணீரே தோலைக் கொப்புளிக்க வைத்துவிடும்.

சன்ஸ்க்ரீன் பற்றி ஒரு சட்டம் உண்டு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோக்ரிலீன் கலந்தவை 2020 மார்ச் முதல் இந்தத் தீவுகளில் தடை. துத்தநாக ஆக்சைடு உள்ளதை எடுத்துச் செல்லுங்கள். அதைவிட முழுக்கைச் சட்டையே மேல். முழங்காலுக்குப் பின்புறத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், மிதக்கும்போது வெயிலைப் பார்த்திருப்பது அதுதான்.

முதல் நாளுக்கு ட்ரங்க் பே. தண்ணீருக்கடியில் பலகைகள் வைத்த சுமார் 200 மீட்டர் பாதை இருக்கிறது, கற்றுக்கொள்ள வசதி. பக்கத்துத் தீவின் கப்பல் பயணிகள் வந்து நிறைவதற்குள், காலை 8 மணிக்கே போய்விடுங்கள். ஆமை பார்க்க மாஹோ பே. அங்கே ஆழம் குறைந்த கடற்புல் படுகையில் பேராமைகள் மேயும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், அது புல்லைக் கவ்வி இழுப்பதும், துணுக்குகள் வாயோரம் சிதறுவதும், முதுகில் ஒட்டு மீன் ஒன்று ஒட்டியிருப்பதும் தெளிவாகத் தெரியும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். நேர் மேலே ஆட்கள் மிதந்தால் அதன் வழி அடைபடும். பக்கவாட்டில், எட்டி நின்று, காலை உதைக்காமல் இருங்கள். பக்கத்திலேயே வந்து எழும்.

எனக்கு மிகவும் பிடித்தது வாட்டர்லெமன் திட்டு. பழைய கரும்பாலை இடிபாடான ஆன்னபெர்க்கில் வண்டியை விட்டு, கரையோரம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடக்க வேண்டும். பாதை முடிவிலிருந்து திட்டுக்கு நீந்தும் வழியில் அடியில் குஷன் நட்சத்திர மீன்கள் கிடக்கும், திட்டைச் சுற்றிக் கடல்விசிறிகளும் கிளிமீன்களும். ஆனால் திட்டின் வெளிப்பக்கத்தில் நீரோட்டம் உண்டு. இறங்கியதும் ஒரு நிமிடம் அசையாமல் மிதந்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். முதலில் ஓட்டத்துக்கு எதிராக நீந்துங்கள், களைத்த பிறகு அதுவே உங்களைத் திருப்பிக் கொண்டுவரும். எதிர்நீச்சலில் முன்னேற முடியாத நாளில் திட்டைச் சுற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். உயிர்காப்பாளர் கிடையாது, பெரிய மருத்துவமனை படகு ஏறிப் போகும் செயின்ட் தாமஸில் இருக்கிறது.

திரும்பும் நாளுக்கு ஒரு கணக்கு. செயின்ட் தாமஸ் விமான நிலையத்தில் அமெரிக்கச் சுங்கமும் குடிவரவும் சோதித்துத்தான் விமானம் ஏற்றுவார்கள். அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டையும் விசாத் தாள்களையும் வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. சங்கு, பவளத்துண்டு, மணல் எதையும் பூங்காவிலிருந்து எடுத்துவரவும் கூடாது. பிற்பகல் 3 மணி விமானம் என்றால் 12 மணிக்கு நிலையத்தில் இருங்கள், அதற்குக் காலை 10 மணிப் படகு. காற்று உருளையோடு ஆழத்தில் ஸ்கூபா முங்கியவர்கள்போல் விமானம் ஏற ஒரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை, மேற்பரப்பில் மிதக்கிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முந்தின இரவே பெட்டியைக் கட்டி, குப்பையைப் பொதுத் தொட்டியில் போட்டுவிட்டால், வெளிச்சம் வந்ததும் மாஹோவில் இறங்கி ஏழரைக்குக் கரையேறலாம். ஈரச் சாமான்களுக்கு மட்டும் ஒரு தனிப் பையை வெளியே எடுத்து வையுங்கள்.

வணக்கம்.